கழித்தல் குறிக்கு அந்தப் பக்கம்

சீமென்ஸ் கன்ட்ரோலர் பூட்டிய சிஎன்சி லேத்தில் ‘எக்ஸ் 50’ என்று எழுதினால் டூல் ஐம்பது மில்லிமீட்டர் விட்டத்துக்குப் போய் நிற்கும். அதே வரியைப் பக்கத்தில் இருக்கும் ஃபானுக் இயந்திரத்தில் ஏற்றினால், அது ஐம்பது மைக்ரான் என்று படித்துக்கொள்ளக்கூடும். ஐம்பதுக்குப் பிறகு ஒரு புள்ளி வைக்கவில்லை, அவ்வளவுதான். 0.05 மில்லிமீட்டர் விட்டம் என்பது ஏறக்குறைய சக்கின் நடுமையம். டரெட் முழு வேகத்தில் இறங்கி ஜாப்பின் மேல் மோதும். இன்செர்ட் தெறிக்கும், ஹோல்டர் வளையும், அந்த ஷிஃப்ட் போச்சு. நிரலில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. இரண்டு இயந்திரங்களும் தத்தம் கையேட்டின்படி சரியாகவே நடந்துகொண்டன.

ஓசூரில் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் வொர்க் பட்டறைகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஜி-கோடு பெயரளவில் ஒரே மொழி. ஐஎஸ்ஓ 6983 என்று அதற்குத் தர எண்ணும் உண்டு. ஆனால் ஃபானுக்கில் குறிப்புரையை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும், சீமென்ஸில் அரைப்புள்ளிக்குப் பின்னால். ஃபானுக்கில் மாறிகள் ஹேஷ் குறியோடு வரும், சீமென்ஸில் ஆர் என்ற எழுத்தோடு. துளையிடும் சுழற்சிக்கு அங்கே ஜி81, இங்கே சைக்கிள்81. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஓர் இளைஞர் புதிதாக ஏற்றிய நிரலைத் திரையில் பார்த்தபடியே சொன்னார்: “வேற மிஷின்ல ஓடுன ப்ரோக்ராம்னா நம்பாதீங்கண்ணா. சிங்கிள் பிளாக்ல போட்டு ஒவ்வொரு வரியா விடணும். கை ஃபீட் ஹோல்டு மேலயே இருக்கணும்.” ஒரு மொழியை அது பிறக்காத இடத்தில் ஓட்டுவது பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவான அறிவுரை கிடைத்ததில்லை.

கணினி மொழிகளின் உலகத்தில் இந்த வேலைக்கு ‘போர்ட் செய்வது’ என்று பேர். பைத்தானோ ரஸ்ட்டோ கோவோ எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வேலை கண்ணில் படுவதே இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு என்ற பெரிய ஊர்களில் அது என்றோ முடிந்துவிட்டது. பெரிய ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு லாபக் கணக்கும் இருக்கிறது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரின் தொடுதிரை, ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் நிற்பது. சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதலாம்தான். ஆனால் வரைபடம், ப்ளூடூத், எழுத்துரு, அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் மொழி நூலகங்கள் என்று ஒவ்வொன்றையும் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் அவை ஏற்கெனவே குடியிருக்கின்றன.

ஆலைத் தளத்தில் நிலைமை வேறு. கன்வேயரை ஓட்டும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் என்ன இயங்குதளம் இருக்கிறது என்று பேனலைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஓசூர் ஐடிஐயில் லேடர் என்ற பிஎல்சி மொழி படித்து வந்தவர் எந்தக் கம்பெனி பேனல் முன்னாலும் ஓரளவு தைரியமாக உட்கார்ந்துவிடுகிறார். பிஎல்சி மொழிகளுக்காக 1993இல் வந்த ஐஇசி 61131-3 என்ற தரம் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குப் பேர் தெரியாத ஒரு மென்பொருள்: ஜெர்மனியின் கெம்ப்டனிலிருந்து 1994இல் வந்த கோடெசிஸ். அதைத் தயாரிக்கும் நிறுவனம் தன் இயக்கநேர நிரலை வெவ்வேறு கன்ட்ரோலர்களுக்குள் இருக்கும் வெவ்வேறு சிறு இயங்குதளங்களுக்குப் பொருத்திக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. கூலிக்கு நடக்கும் போர்ட். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் அந்த வேலையின் உள்பக்கத்தை வெளியாள் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் கூலி இல்லாமல் நடக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஹைக்கு என்று ஓர் இயங்குதளம். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜான்-லூயி கஸே 1990இல் தொடங்கிய பீ நிறுவனத்தின் பீஓஎஸ்தான் இதன் மூதாதை. 1996இல் ஆப்பிள் தன் அடுத்த இயங்குதளத்தை வெளியே தேடியபோது பீயோடும் பேசியது. கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்டை வாங்கியது. 2001இல் பீயின் சொத்துகள் 1.1 கோடி டாலருக்குப் பாம் நிறுவனத்திடம் போயின. அதே ஆண்டில், பீஓஎஸ்ஸை விட மனமில்லாத சிலர் அதைத் திரும்ப எழுத ஆரம்பித்தார்கள். ஓபன்பீஓஎஸ் என்ற பெயர் 2004இல் ஹைக்கு ஆயிற்று. முதல் பீட்டா 2018 செப்டம்பரில் வந்தது, ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். பதினேழு வருஷ உழைப்புக்கு ஒரு பீட்டா! வியாபாரக் கணக்கில் இதற்கு நியாயமே கிடையாது. காயலான் கடைக்குப் போக வேண்டிய மடிக்கணினி ஒன்றில் அதை நிறுவி, ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஓர் இழையில் ஓடுவதையும், ஒரு செயலி திணறும்போது மற்றவை சட்டை செய்யாமல் நகர்வதையும் பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு.

இப்படி ஓர் ஊருக்கு மொழிகள் வந்தாக வேண்டிய கட்டாயம் ஆசையால் மட்டும் வருவதில்லை. பைத்தான் இல்லாவிட்டால் பாதி மென்பொருள்களைக் கட்டவே முடியாது, ஏனென்றால் அவற்றைக் கட்டும் கருவிகள் பைத்தானில் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ நூலகம் தன் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியைச் சேர்த்துக்கொண்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, நல்ல முடிவும்கூட. ஆனால் அதுவரை பைத்தானும் சியும் போதும் என்றிருந்த சிறு தளங்கள் பல, மறுநாளிலிருந்து ரஸ்ட் இல்லாமல் அந்த நூலகத்தைக் கட்ட முடியாமல் திகைத்தன. ஒரு மொழியை அழைத்து வந்தால், அது பிறகு தனக்குத் துணையாக இன்னொரு மொழியைக் கேட்கும்.

ரஸ்ட் வருவது எளிதல்ல. ரஸ்ட்டின் கம்பைலர் ரஸ்ட்டிலேயே எழுதப்பட்டது. ஆதியில் அது ஓகேமல் மொழியில் இருந்தது. பிறகு தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளத் தொடங்கியது. இன்று ஒவ்வொரு பதிப்பையும் அதற்கு முந்தைய பதிப்பு கட்டுகிறது. ரஸ்ட் இல்லாத இடத்தில் ரஸ்ட்டைக் கட்ட ரஸ்ட் வேண்டும். ஆகவே வேலை வேறிடத்தில் தொடங்குகிறது. லினக்ஸில் உட்கார்ந்து, ஹைக்குவில் ஓடக்கூடிய ஒரு கம்பைலரைக் கட்டி, கூடவே அது சாய்ந்து நிற்கும் எல்எல்விஎம் என்ற பெரும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதெல்லாம் முடிந்தும் கைக்கு வந்திருப்பது வாக்கியம் அமைக்கத் தெரிந்த ஒரு கம்பைலர் மட்டும்தான். கோப்பைத் திறக்க, மணி பார்க்க, நினைவகம் கேட்க, வலையில் இன்னொரு கணினியை அழைக்க அதற்குத் தெரியாது. அதெல்லாம் அடிப்படை நூலகத்தின் வேலை. எல்லாத் தகராறும் அங்கேதான்.

முதல் தகராறு அற்பமானது. யூனிக்ஸ் வழிவந்த இடங்களில் சைன், கொசைன் போன்ற சார்புகள் தனியாக ஒரு கணித நூலகத்தில் இருப்பது வழக்கம். அதையும் சேர்த்துக்கொள் என்று லிங்கருக்குச் சொல்ல ‘எல்எம்’ என்று ஒரு சிறு கட்டளை உண்டு. உலகத்தில் உள்ள பாதி மேக்ஃபைல்களில் அது இருக்கிறது. ஹைக்குவில் அப்படித் தனி நூலகம் கிடையாது. கணிதமும் இழைகளும் மற்றவையும் லிப்ரூட் என்ற ஒரே நூலகத்துக்குள் இருக்கின்றன. தன்னிடம் எல்லாமே இருக்கும்போதும், கேட்ட பெயரில் இல்லை என்பதற்காக லிங்கர் ‘கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். நேர்மாறாக, மற்ற இடங்களில் கேட்காமலே கிடைக்கும் வலைத்தொடர்புச் சார்புகளுக்கு இங்கே லிப்நெட்வொர்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். இவை சத்தமாக வரும் பிழைகள். சத்தமாக வரும் பிழை நல்ல பிழை, கட்டும்போதே நின்றுவிடுகிறது.

அடுத்தது சத்தமில்லாதது. ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்பதற்கு லினக்ஸில் பிழை எண் 2. மேக்கிலும் 2. பழைய யூனிக்ஸ்களிலும் அதே 2. ஹைக்குவில் அதே பிழைக்கு எண் −2147459069.

முதல் பார்வையில் இது கிறுக்குத்தனமாகத் தெரியும். சி மொழியின் தரம், பிழை எண்கள் நேர்மறையாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் பீஓஎஸ்ஸைக் கட்டியவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு சார்பு தரும் விடை பூஜ்யமோ அதற்கு மேலோ என்றால் அது பயனுள்ள விடை. கழித்தல் குறியோடு வந்தால் அது பிழை. ஒரே எண்ணில் விடையும் வந்துவிடுகிறது, பிழையும் வந்துவிடுகிறது. தனியாக இன்னொரு இடத்தில் போய்ப் பிழையைத் தேட வேண்டாம். உள்ளூர் நியாயத்தின்படி இது யூனிக்ஸ் வழக்கத்தைவிடச் சுத்தமானது என்றே நான் நினைக்கிறேன். யூனிக்ஸில் பிழையைத் தனியே ஒரு மாறியில் வைத்துவிட்டு ‘அங்கே போய்ப் பார்’ என்பது, பழகிவிட்டதால் மட்டுமே நமக்கு இயல்பாகத் தெரியும் ஓர் ஏற்பாடு.

ஆனால் வெளியிலிருந்து வரும் நிரல்களுக்குள் அந்தப் பழக்கம் இறுகிப் போயிருக்கிறது. பிழை எண்ணைக் கழித்தல் குறியிட்டுத் திருப்பி அனுப்பி, ‘பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் தோல்வி’ என்று சோதிப்பது பலர் கையாளும் உத்தி. அதை ஹைக்குவில் ஓட்டினால் என்ன ஆகும்? எதிர்மறை எண்ணின் முன்னால் இன்னொரு கழித்தல். விடை நேர்மறை ஆகிவிடும். கோப்பு இல்லை என்ற செய்தி, இருநூறு கோடிக்கும் மேலான பைட்டுகளைப் படித்துவிட்டேன் என்ற செய்தியாக மாறிப்போகும். கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடத் தராது. ‘எக்ஸ் 50’ஐப் படித்த ஃபானுக் மாதிரிதான்.

ரஸ்ட்டில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. சி நிரல் ஒவ்வொரு முறை தொகுக்கப்படும்போதும் அந்தந்த ஊரின் தலைப்புக் கோப்புகளைத் திறந்து படித்து, கோப்பு விவரம் எந்த வரிசையில் இருக்கிறது, எத்தனை பைட் என்று தெரிந்துகொள்ளும். ரஸ்ட் அவற்றைப் படிப்பதில்லை. ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து, ஹைக்குவின் தலைப்புக் கோப்புகளைப் பார்த்து, ஒவ்வொரு கட்டமைப்பையும் ஒவ்வொரு மாறிலியையும் ரஸ்ட்டின் லிப்சி தொகுப்பில் கையால் எழுதி வைக்க வேண்டும். பிழை எண் எங்கே இருக்கிறது என்று கேட்க லினக்ஸில் ஒரு சார்பின் பெயர், ஹைக்குவில் வேறு பெயர். இரண்டு புலங்களை முன்பின் மாற்றி எழுதிவிட்டால் எல்லாம் தொகுக்கப்படும், ஓடும், கோப்பின் அளவைக் கேட்டால் அதன் தேதியைச் சொல்லும். இந்த நகலெடுப்பு வேலையில் மேதைமைக்கு இடமே இல்லை. பட்டாவில் சர்வே எண் சரிபார்ப்பதுபோல் வரி வரியாக விரலை வைத்துப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

ஓடும் நிரல் ‘நான் எந்தக் கோப்பிலிருந்து வந்தேன்’ என்று கேட்பதுகூட ஊருக்கு ஊர் மாறும் கேள்வி. லினக்ஸில் ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் அதற்கு ஒரு சுட்டி உண்டு. ஹைக்குவில் அந்த அடைவே கிடையாது. நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும் நிரல் உருவங்களின் பட்டியலை இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் கேட்டு, அதில் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது ஃபானுக்குக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேள்வியின் மறுபாதி அங்கே இருக்கிறது. புள்ளி இல்லாத ஐம்பதை ஐம்பது மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள் என்று ஃபானுக்கிடம் சொல்ல வழி உண்டு. பாராமீட்டர் பக்கத்தில் ஒரே ஒரு பிட். அதை மாற்றிவிட்டால் வெளி நிரல்கள் மோதாது. ஆனால் அதே இயந்திரத்தில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல்கள் மைக்ரான் கணக்கில் ‘எக்ஸ் 50000’ என்று எழுதப்பட்டவையாக இருக்கலாம். பிட்டை மாற்றிய மறுகணம் அவை ஐம்பது மீட்டர் போகச் சொல்லும். ஓவர் டிராவல் அலாரம் அடித்து இயந்திரம் நிற்கும். வருகிறவருக்காக வழக்கத்தை மாற்றினால் ஏற்கெனவே இருப்பவர் இடறுகிறார். எந்தப் பட்டறையிலும் அந்த பிட்டைத் தொடுவதற்கு முன் மூத்த ஆபரேட்டரைக் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

ஹைக்குவும் அந்த பிட்டைத் தொடவில்லை. பீஓஎஸ் காலத்துச் செயலிகள் மாற்றமில்லாமல் ஓட வேண்டும் என்பது அதன் தொடக்கக்கால வாக்கு. அதற்காகவே 32 பிட் பதிப்பில் இன்னமும் ஜிசிசி 2.95 என்ற பழங்காலத்துக் கம்பைலரைப் புதியதோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பிழை எண்கள் கழித்தல் குறிக்கு அந்தப் பக்கமே இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற நிரல்களுக்கு மட்டும், தேவைப்பட்டால், எண்களை நேர்மறையாக மாற்றிக் காட்டும் ஓர் இடைநூலகம் வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காதவருக்கு ஊர் பழைய மாதிரியே.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சம்பவம் உண்டு. கூகிளின் கோ மொழி, மற்ற மொழிகளைப் போல சி நூலகத்தின் வழியாகப் போகாமல் கெர்னலை நேரடியாக அழைக்கும் பழக்கம் உடையது. லினக்ஸ் அதை அனுமதிக்கிறது. ஓபன்பிஎஸ்டி என்ற சிறு இயங்குதளம் தன் பாதுகாப்புக் கொள்கைப்படி, கெர்னல் அழைப்புகள் சி நூலகத்தின் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று இறுக்கியது. பயனாளர் எண்ணிக்கையில் ஒப்பிடவே முடியாத இடம் அது. ஆனாலும் மொழிதான் வளைந்தது. 2021இல் வந்த கோ 1.16, ஓபன்பிஎஸ்டியில் சி நூலகத்தின் வழியாகப் போகத் தொடங்கியது. சிறிய ஊர் எப்போதும் பணிந்துதான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஓசூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது மும்மொழி உவமை தானாக வந்து வாசலில் நிற்கிறது. பாகலூர் சாலையில் தெலுங்கில் தொடங்கும் பேச்சு கன்னடத்தில் கிளைபிரிந்து தமிழில் சில்லறை எண்ணி முடியும். அதை உள்ளே விட எனக்கு விருப்பமில்லை. மனிதர்கள் பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்து நொடிக்கு நொடி திருத்திக்கொள்கிறார்கள். இயந்திரம் திருத்திக்கொள்வதில்லை. புரியவில்லை என்றுகூட அது சொல்வதில்லை, வேறொன்றாகப் புரிந்துகொண்டு வேலையை முடித்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வது பட்டறைக்காரருக்கும் நியாயமில்லை, டீக்கடைக்காரருக்கும் நியாயமில்லை.

ஆனால் இழப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஹைக்குவின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது அதன் கோப்பு முறைமை. 1990களின் நடுவில் டொமினிக் ஜாம்பவோலோவும் சிரில் மொய்ரிலோவும் பீஓஎஸ்ஸுக்காக எழுதிய பிஎஃப்எஸ்ஸின் வழிவந்தது. அதில் ஒவ்வொரு கோப்பும் தன் உள்ளடக்கத்தோடு பெயரிட்ட பண்புகளையும் சுமக்கும். அந்தப் பண்புகளைத் தரவுத்தளம்போலத் தேடலாம். மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், படித்தாயிற்றா இல்லையா எல்லாம் பண்புகள். முகவரிப் புத்தகம் என்று தனிச் செயலியின் பூட்டிய பெட்டி கிடையாது. ஒரு மனிதருக்கு ஒரு கோப்பு. பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் அத்தனையும் பண்புகளாக இருக்கும். கோப்புக்கு உள்ளே ஒன்றுமே இருக்காது. அளவு பூஜ்யம் பைட்.

வெளியிலிருந்து வந்த ஒரு மொழியின் அடிப்படை நூலகத்தை வைத்து இந்த முகவரிக் கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். ‘கோப்பைத் திற, உள்ளே இருப்பதைப் படி, புதிய கோப்பில் எழுது’ என்பதுதான் அதற்குத் தெரிந்த நகலெடுப்பு. அது பூஜ்யம் பைட்டை மிகச் சரியாகப் படித்து, பூஜ்யம் பைட்டை மிகச் சரியாக எழுதி, வெற்றி என்று விடை தரும். மனிதர் காணாமல் போயிருப்பார். பைத்தானில் பண்புகளைக் கையாளும் அழைப்புகள் உண்டு, ஆனால் அவை லினக்ஸுக்கு மட்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. மொழி வந்துவிட்டது, அதன் சோதனைகள் தேறிவிட்டன. இந்த ஊரில் எது விசேஷமோ அதைப் பேச மட்டும் அதற்கு வாய் இல்லை. போகப் போக, வந்த மொழிகளில் எழுதப்படும் புதிய செயலிகள் பண்புகளைத் தொடாமலே இருந்துவிடும். இயங்குதளத்தின் பெயர் ஹைக்கு என்று இருக்கும், பயன்பாட்டில் அது இன்னொரு லினக்ஸாக இருக்கும். போர்ட் செய்கிறவர்களில் யாரும் இதை விரும்பவில்லை. விருப்பமில்லாமலே நடக்கக்கூடிய விஷயம் இது.

வருகிறவர் கொண்டுவரும் நன்மையையும் சொல்ல வேண்டும். தமிழில் ‘கெ’ என்ற எழுத்து நினைவகத்தில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். குறியீடுகளை வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும் பழைய பாணி வரைவிக்கு இது தெரியாது, கொம்பு பின்னால் போய்த் தொங்கும். ஹைக்குவின் சொந்தச் செயலிகளில் தமிழ் நெடுங்காலம் இந்தக் கதியில்தான் இருந்தது. க்யூட்டி என்ற வெளிக் கருவித்தொகுப்பில் எழுதப்பட்டு அங்கே குடியேறிய செயலிகள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகத்தைத் தங்களோடு கொண்டுவந்ததால், அவற்றின் சாளரத்துக்குள் கொம்பு சரியான இடத்தில் நின்றது. எனக்கு என் எழுத்தைக் காட்டியது விருந்தாளிதான். வீட்டுக்காரரின் கொள்கைப் பிடிப்பை மெச்சிக்கொண்டே இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழை வைத்தே இன்னொரு கணக்கும் போடலாம். முத்து அண்ணாமலை உருவாக்கி 2009இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்த எழில், தமிழிலேயே நிரல் எழுதும் மொழி. ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும், ‘நிரல்பாகம்’ என்று சார்பைத் தொடங்கி ‘முடி’ என்று முடிக்கலாம். எழில் பைத்தானின் மேல் கட்டப்பட்டது. ஆகவே பைத்தான் போகும் இடமெல்லாம் எழிலுக்கும் வழி இருக்கிறது. பைத்தானோ சி மொழியின் மேல் நிற்கிறது, சி அந்தந்த ஊரின் அடிப்படை நூலகத்தின் மேல். ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘பதிப்பி’ என்று எழுதும் ஒற்றைச் சொல்லுக்குக் கீழே, எங்கேயோ யாரோ பிழை எண்களைக் கையால் நகலெடுத்த வேலை இருக்கிறது. மேலேயும் வேலை மிச்சம் உண்டு. பைத்தானிடம் ‘ஓசூர்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். யூனிகோடு குறியீடுகள் ஐந்துதான், எழுத்துகள் மூன்று. ஓ, சூ, ர். அந்த மூன்றைச் சொல்லத்தான் ஓபன்-தமிழ் என்ற நூலகத்தை எழிலோடு சேர்த்து எழுத வேண்டியிருந்தது. பைத்தானைப் பொறுத்தவரை தமிழும் ஒரு சின்ன ஊர்தான்.

மாறாக, முதலிலேயே வளைந்துகொடுத்து நல்லபடியாகப் பிழைத்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை ஐஐடியில் வி. காமகோடி குழுவினர் சக்தி நுண்செயலியை வடிவமைத்தபோது, அறிவுறுத்தல் தொகுதியை மட்டும் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவை எடுத்துக்கொண்டார்கள். 2018இல் சக்தி சிலிக்கானாக வெளிவந்தபோது அதற்கு ஜிசிசியும் லினக்ஸும் தயாராக இருந்தன. சுதேசி நுண்செயலி என்ற பெருமைப் பேச்சில் இந்த விவேகம் அதிகம் பேசப்படுவதில்லை. எங்கே சொந்தமாக இருக்க வேண்டும், எங்கே ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று அவர்கள் ஒரு கோடு போட்டார்கள். ஹைக்குவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் கோட்டைப் பீ நிறுவனம் முன்பே போட்டுவிட்டது.

வந்த மொழி தங்குமா என்பது வேறு விவகாரம். ரஸ்ட் தன் தளங்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறது; ஹைக்கு மூன்றாவதில். நிரல் மூலத்தில் இடம் உண்டு, ஆனால் ரஸ்ட் திட்டம் அதைத் தானாகக் கட்டிப் பார்ப்பதில்லை, சோதிப்பதில்லை. இன்று ஓடுவது அடுத்த பதிப்பில் உடைந்தால் யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும். பைத்தானில் 2002இல் மார்ட்டின் ஃபான் லூவிஸ் தொடங்கிவைத்த பெப் 11 என்ற ஆவணம், எந்தத் தளத்துக்கு ஆதரவு இருக்கிறது, எதற்கு நின்றுவிட்டது என்று பதிவு செய்கிறது. நின்றுபோனவற்றின் பட்டியலில் பீஓஎஸ்ஸின் பெயர் இருக்கிறது. மூன்றாம் அடுக்கில் இடம் கேட்பவர்களிடம் அது கேட்பது ஒரு முதன்மை நிரலாளரும், ஒழுங்காக ஓடும் ஒரு சோதனைக் கணினியும். கோ மொழி ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறைந்தது இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும் என்கிறது.

இரண்டு பேர் என்ற நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலைப் பகுதியில் வேலை செய்கிற யாருக்கும் அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. லைனில் ஒரு பேனல் நிற்கிறது. லேடரை எழுதியவர் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். குறிப்புரை ஒன்றும் இல்லை. அவர் தொலைபேசியை எடுக்கும்வரை கன்வேயர் நகராது. ஹைக்கு போர்ட்டுகளில் பலவும் இன்று அப்படி ஒற்றை ஆளின் மாலை நேரங்களை நம்பி ஓடுபவை. அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆனாலோ, வேலை மாறினாலோ, வெறுமனே அலுத்துவிட்டாலோ, ஒட்டுத் திருத்தங்கள் பழைய பதிப்போடு நின்றுவிடும்.

இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். ‘வணக்கம்’ என்று திரையில் வந்துவிட்டது, சோதனைத் தொகுதி தேறிவிட்டது என்பதோடு போர்ட் முடிந்ததாக அறிவிக்காமல், அந்தப் பூஜ்யம் பைட் முகவரிக் கோப்பை மொழியின் சொந்த நூலகத்தால் நகலெடுத்து, மனிதர் வந்து சேர்ந்தாரா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அதற்கான திருத்தத்தை ஹைக்குவின் கிடங்கில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூல மொழியின் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும். அங்கிருந்து என்ன பதில் வரும் என்று ஊகிப்பது கடினமில்லை: ஒரே ஒரு தளத்துக்காகப் பொது நூலகத்தில் இவ்வளவு நிரலைச் சேர்த்தால் அதை யார் பராமரிப்பது? நியாயமான கேள்வி. அதற்குப் பெயர் கொடுத்துப் பதில் சொல்லும் ஆள் இருந்தால் திருத்தம் உள்ளே போகும். இல்லையென்றால் முகவரிக் கோப்பை நகலெடுக்க ஹைக்குவின் சொந்த நகல் கட்டளையையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதுதான்.